புல்லை விட்டு நெல்லைப் பிடுங்கிய பின்னேரம்

ஒரு குடும்பத்தின் முதல் வெள்ளாமையைப் பொய் சொல்லிக் கெடுத்தவன் நான். அப்போது எனக்குப் பத்து வயது. இன்று புதிதாக வயலில் இறங்கும் பிள்ளைகள் ஏதாவது கேட்டு வந்தால், இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன்.

கண்டாவளையில் எங்கள் வயலுக்கு அடுத்த காணிக்கு, மலையகத்திலிருந்து ஒரு மாமாவும் மாமியும் மகளோடு வந்தார்கள். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். நெல் செய்து பழக்கமில்லை. விதைநெல் கொடுத்து, முளைகட்டி விதைக்கக் காட்டியவர் என் அப்பா. பயிரோடு, பயிரைப் போலவே ஒரு புல்லும் முளைத்தது. அதை இனங்காட்டிக் கொடுக்க அப்பா என்னை அனுப்பினார். அனுப்பியதோடு நிற்கவில்லை. முதல்நாள் எங்கள் தோட்டத்தில் மாமி மிளகாய் பிடுங்கிய வேகத்தை நினைத்துக்கொண்டு, "அவவின்ர கையைப் பார். உன்ர கையும் ஒரு கையோ?" என்றார்.

அது சுட்டது. மாமியிடம் நெல்லைக் காட்டிப் புல் என்றேன். புல்லைக் காட்டி நெல் என்றேன். பத்துப் பயிரைப் பிடுங்கட்டும், அப்பா பார்த்துச் சிரிக்கட்டும் என்பதே என் எண்ணம். அது கொழுந்து பறித்த கை என்பதை மறந்துபோனேன். நான் வாய்க்காலில் முழுகி வருவதற்குள் பாதி வயலில் புல் மட்டும் நின்றது.

"காணும் மாமி, பிடுங்கினது போதும், விடுங்கோ."

அவர் நிமிரவேயில்லை. "இருட்டுறதுக்குள்ள முடிச்சிருவேன் தம்பி. நீங்க போய்த் தலையத் தொவட்டுங்க."

அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் அடிக்கவில்லை. கையைப் பிடித்து வரம்புக்குக் கூட்டி வந்து, "நீயே சொல்லு" என்றார். சொன்னேன். பிடுங்கிப் போட்ட குவியலுக்குப் பக்கத்தில் மாமா உட்கார்ந்துவிட்டார். இந்தப் போகம் பொய்த்தால் தேயிலைத் தோட்டத்துக்கே திரும்ப வேண்டியதுதான் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். மாமி ஒரு பயிரை எடுத்து வேரைப் பார்த்தார்.

"திரும்ப நட்டா புடிக்குமாங்க?"

வேரை நனைத்து வைத்து, விடிந்ததும் இரண்டு குடும்பமும் சேற்றில் இறங்கினோம். வாடிப்போனதற்குப் பதிலாக எங்கள் வயலில் நெருங்கி நின்றதை அப்பா பிடுங்கிக் கொடுத்தார். புல் முழுவதும் என் பொறுப்பு. நட்டுக்கொண்டே பின்னால் வந்த மாமி என்னைப் பார்த்து, "தொரை இன்னும் அதே எடத்துலதான் நிக்கிறாரு" என்றார். சிரித்த சிரிப்பில் மகள் சேற்றில் விழுந்தாள். தூக்கப் போன நானும் விழுந்தேன். மாமாவும் சிரித்துவிட்டார்.

கதிர் பிந்தி வந்தாலும் நன்றாகவே வந்தது. புது அரிசியில் பொங்கி முதல் கை எனக்குத்தான் தந்தார்கள்.

ஆனால் நினைவில் நிற்பவை, திரும்ப நட்ட பிறகு கதிர் வரும்வரை வந்த பின்னேரங்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாமி என்னை வரம்பில் நிறுத்தி, ஒவ்வொன்றாய்த் தொட்டு, "இது நெல்லா, புல்லா தம்பி?" என்று கேட்பார். நான் சரியாகச் சொல்வேன். சொன்னபடியே பிடுங்குவார். இவ்வளவு சொல்லியும் இவருக்கு ஏறவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் பெருமை. இலை தண்டைச் சேரும் இடத்தில் நெல்லுக்குச் சின்ன நாக்கு இருக்கும், புல்லுக்கு இராது என்று அவர் மகளுக்குக் காட்டிக் கொடுத்ததை, அதே வரம்பில் நின்று நானும் கேட்டேன். கேட்டும், தெரிந்தவர் ஏன் என்னைக் கேட்டுப் பிடுங்குகிறார் என்று அன்று எனக்கு விளங்கவில்லை.