இரண்டு பேர் தூக்க வேண்டிய பெட்டி

கந்தளாய்ப் பக்கம் வெள்ளம் றோட்டை மூடிவிட்டதாம். கொழும்பிலிருந்து சேர்வர் மாற்ற வந்துகொண்டிருந்த எஞ்சினியர் ஹபரணையோடு திரும்பப் போவதாகக் காலையில் போன் எடுத்துச் சொன்னார்.

"மிஸ், அடுத்த போயா லீவுக்குச் செய்வமா?"

"அதுவரைக்கும் பழசு தாங்காது."

"அப்ப நீங்களே செய்யுங்கோவன். ஏலும்தானே?"

ஓம் என்று சொல்லிவிட்டேன். இல்லை என்று சொன்னால் வேறு யாரைக் கூப்பிடுவது? அந்தக் கொம்பனியில் கொம்பியூட்டர் பகுதி என்றால் நான் ஒருத்திதான்.

துறைமுகத்தில் இறங்கும் சரக்கைக் களஞ்சியத்தில் வைத்து லொறிகளில் ஏற்றி அனுப்புவது எங்கள் தொழில். எந்த லொறி வந்தது, என்ன ஏற்றியது, எப்போது வெளியே போனது என்பதெல்லாம் ஒரு டேற்றாபேஸில் இருக்கும். அதற்கு இரண்டு சேர்வர்கள். ஒன்று வேலை செய்ய, மற்றது அதைக் கவனித்துக்கொண்டு நிற்கும். வேலை செய்வது விழுந்துவிட்டால் நிற்பது உடனே பொறுப்பெடுக்கும். இரண்டுக்கும் பொதுவாகத் தரவுகள் இருக்கும் டிஸ்க் பெட்டி ஒன்று, சேர்வர்கள் அடுக்கியிருக்கும் றாக்கின் கீழ்த்தட்டில் இருந்தது. கவனித்துக்கொண்டு நின்ற சேர்வர் மூன்று கிழமைக்கு முன் செத்துப்போனது. மற்றதிலும் எச்சரிக்கைக்கான செம்மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியிருந்தது. இரண்டையும் மாற்றுவதற்குப் புதிய பெட்டிகள் வந்திருந்தன. ஒரு கப்பலும் வந்து நின்றது. விடிந்தால் லொறிகள் வரிசையில் நிற்கும்.

உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதிக்குப் பின்னால் வாடகை அறையில் இருந்தேன். மாரி மழைக்காலத்தில் விடுதி பூட்டிக் கிடக்கும். வளவு முழுவதற்கும் நான் மட்டும்தான். கதவைப் பூட்டும்போது, போய் வருகிறேன் என்று சொல்ல ஆளில்லாமல் போய் எத்தனையோ வருடமாகியும் வாய் அதைச் சொல்ல ஒருதரம் திறந்துதான் மூடும்.

அன்றைக்கு முழுநிலாப் போயா லீவு. கேற்றில் செக்கியூரிட்டி ஐயா மட்டும் இருந்தார். நகரத்துக்குள் திரியும் மான்களில் ஒன்று மழைக்கு ஒதுங்கி, அவருடைய காவல் கூட்டுக்குப் பக்கத்தில் நின்று சோற்றுப் பார்சல் கடதாசியைச் சப்பிக்கொண்டிருந்தது.

புதிய சேர்வரின் மட்டையில் இரண்டு பேர் சேர்ந்து ஒரு பெட்டியைத் தூக்கும் படம் போட்டிருந்தது. முன்பு அப்படித் தூக்க இரண்டு பேர் இருந்தோம். மற்றவர் கிண்ணியாக்காரர். நான் அவரை, அண்ணன் என்கிற மாதிரி, நானா என்றுதான் கூப்பிடுவேன். ஒன்பது வருடம் எதிரெதிர் மேசையில் இருந்து வேலை செய்தோம். பெற்றோலுக்கு வரிசையில் நின்ற அந்த வருடம், கட்டாருக்கு விசா வந்துவிட்டது என்று ஒரு நாள் சொன்னார். ஊரில் பாதிப் பேர் போய்க்கொண்டிருந்த காலம். அவருக்கு மூன்று பிள்ளைகள். போகாமல் என்ன செய்வார்? அது விளங்கியும் எனக்கு வந்த கோபம் சின்னக் கோபம் இல்லை. கடைசிக் கிழமை முழுவதும் அவருடைய முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. பிரியாவிடைத் தேநீருக்கும் தலையிடி என்று சொல்லி வீட்டுக்குப் போய்விட்டேன். அங்கே போய்ச் சேர்ந்ததும் இரண்டு தடவை மெசேஜ் போட்டார். நான் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினேன். அதோடு நின்றுபோயிற்று.

செக்கியூரிட்டி ஐயாவைக் கூப்பிட்டேன். கேற்றைப் பூட்டிவிட்டு வந்தார். சேர்வர் அறைக் குளிருக்குள் வந்ததும் இரண்டு கையையும் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டார்.

"பிள்ளை, தொட்டா கரன்ட் அடிக்காதே?"

"வயர் ஒண்டும் கொழுவேல்லை ஐயா. அந்தப் பக்கம் பிடியுங்கோ."

செத்ததை இறக்கினோம், புதியதை ஏற்றினோம். றாக்கின் தண்டவாளத்தில் பெட்டி சரியாக விழுந்தபோது, "அப்பாடா" என்று சிரித்தார். பிறகு கேற்றுக்குப் போய்விட்டார். அந்தச் சிரிப்போடு அறைக்குள் மனிதச் சத்தம் நின்றது. மிச்சம் காற்றாடிகளின் இரைச்சல்தான்.

புதிய சேர்வரைக் கொழுவி எழுப்பியதும் ஒரு சிக்கல். டிஸ்க் பெட்டி அதற்குத் தெரியவேயில்லை. கேபிளைக் கழற்றிப் பூட்டினேன். வேறு கேபிள் போட்டேன். திரும்ப எழுப்பினேன். இல்லை. பக்கத்தில் பழைய சேர்வர் செம்மஞ்சள் விளக்கோடு தனியே இரைந்துகொண்டிருந்தது. அது இப்போது விழுந்தால் தாங்குவதற்கு ஒன்றுமில்லை. மத்தியானம் தாண்டியபோதுதான் விளங்கியது. அந்த டிஸ்க் பெட்டி, தனக்குச் சொல்லிவைத்த சேர்வர்களை மட்டும்தான் உள்ளே விடும். புதியதை அதற்கு அறிமுகப்படுத்த வேண்டும். அதற்குள் போக ஒரு பாஸ்வேர்ட் வேண்டும். அது நானா போட்டது. கையளிப்புக் கொப்பியை மூன்று தரம் புரட்டினேன். அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தது.

போனை எடுத்து அவருடைய பெயரைப் பார்த்துக்கொண்டு கன நேரம் இருந்தேன். பிறகு அழுத்தினேன்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். "ஹலோ? தங்கச்சியா?"

பின்னால் ஏதோ வாகனம் பின்னோக்கி வரும் சத்தம் கேட்டது. சுகம்கூட விசாரிக்கவில்லை. "நானா, டிஸ்க் பெட்டியின்ர பாஸ்வேர்ட்..." என்று தொடங்கி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். குறுக்கிடாமல் கேட்டார்.

"றாக்குக் கதவைத் திறங்க. உள்பக்கம், மேல் மூலைல ஒரு கடதாசி ஒட்டியிரிக்கும்."

இருந்தது. தூசி படிந்த மஞ்சள் ஒட்டுநாடா. அவருடைய சரிந்த கையெழுத்து.

"அதைக் கொப்பியில எழுதியிருக்கலாமே நானா?"

"கொப்பிய ஆரும் எடுத்துப் பாத்துடுவாங்க எண்டுதான் எழுதல்ல. றாக்கெண்டா பூட்டிக் கிடக்கும். உங்களுக்கு வாயால சொன்னன். கடைசி நாள். நீங்க ஸ்கிரீனப் பாத்துக்கொண்டு ஓம் ஓம் எண்டீங்க."

சொன்னதாக எனக்கு ஞாபகமே இல்லை. அந்த நாளில் ஒரு சொல்லும் என் காதில் விழவில்லை.

"வைச்சிடாதீங்க," என்றார். "டிஸ்க் வருதா எண்டு பாத்துட்டுச் சொல்லுங்க."

ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தேன். பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போய், புதிய சேர்வரிலிருந்த கார்டின் இலக்கத்தைப் பதிந்தேன். டிஸ்க்குகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. புதியதைப் பழையதோடு சோடி சேர்த்துச் சோதித்தேன். வேலையை அதற்கு மாற்றும் பொத்தானை அழுத்தும்போது, "அழுத்திறன் நானா" என்றேன். "பிஸ்மில்லாஹ் சொல்லி அழுத்துங்க" என்றார். டேற்றாபேஸ் பழையதில் நின்று, புதியதில் எழும்பியது.

"வந்திட்டுது," என்றேன்.

மறுபக்கத்தில் அவர் மூச்சுவிட்டது கேட்டது. "நல்லம். அந்தக் காத்தாடிச் சத்தம் கேக்குது எனக்கு. கொஞ்சம் கிட்ட வைங்க போனை."

வைத்தேன்.

"அங்கேயும் இந்தச் சத்தம்தானே நானா எந்த நாளும்?"

"இல்ல தங்கச்சி. நான் இஞ்ச ஸ்டோர்ல பெட்டி அடுக்கிறன். சொன்ன வேலை வேற, வந்து பாத்தா வேற. ரெண்டு வருசமா ஒருத்தரும் என்னட்ட கொம்பியூட்டரப் பத்தி ஒண்டும் கேக்கல்ல." பிறகு, "வீட்டுக்குத் தெரியா. சொல்லிடாதீங்க" என்றார்.

அவரை யாரோ அதட்டிக் கூப்பிட்டார்கள். வைத்துவிட்டார்.

செக்கியூரிட்டி ஐயாவைத் திரும்பக் கூப்பிட்டு மற்றதையும் மாற்றி முடிக்கும்போது மழை விட்டிருந்தது. அடுத்த நாள் லொறிகள் வழமைபோல வந்தன, போயின. "நேற்று ஏதோ பெரிய வேலை எண்டாங்களே, ஒண்டும் மாறின மாதிரித் தெரியேல்லையே?" என்று முகாமையாளர் கேட்டார். அது பாராட்டுத்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை நானாவுக்குப் போன் எடுத்தேன். மன்னிப்புக் கேட்க நினைத்தேன். அவருக்குப் பன்னிரண்டு பேர் படுக்கும் அறை. சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. "பிறகு கதைப்பம்" என்றார். அதற்குப் பிறகு நானும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.

தை மாதம் அவருடைய மனைவி, அவர் எங்களிடம் வேலை செய்ததற்கான சேவைக் கடிதம் ஒன்று வாங்கக் கந்தோருக்கு வந்தார். கடிதம் அச்சாகும்வரை என் மேசைக்கு முன்னால் இருந்த கதிரையில் இருந்தார். அது நானாவின் பழைய கதிரை என்று அவவுக்குத் தெரியாது.

"அங்க பெரிய கொம்பியூட்டர் வேலையாம். ஒரே பிஸியாம். போன் எடுத்தாலும் ரெண்டு சொல்லுத்தான்," என்றார். "உங்களோட கதைக்கிறவரா மிஸ்?"

"ஓம்," என்றேன். "போன மாதம் இஞ்ச ஒரு பெரிய பிரச்சினை. அவர்தான் அங்க இருந்துகொண்டு சரிப்பண்ணித் தந்தவர்."

அவவுடைய முகம் மலர்ந்துவிட்டது. கடிதத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, கிண்ணியா பஸ் போய்விடும் என்று அவசரமாக எழும்பினார். நான் கேற்றுவரைக்கும் கூடப் போனேன்.