துப்புதா?

பாய்மரப் படகு வைத்திருப்பதாகச் சொன்னால் எங்கள் ஈப்போ நகரில் என்னைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்ப்பார்கள். பாகான் டத்தோ ஆற்றுமுகத்தில் நாங்கள் போனதும் வந்ததும் பெரும்பாலும் டீசல் இஞ்சினில்தான் என்பதை நான் சொல்வதில்லை. அந்தப் பாய் எங்களுக்கு அதிகம் பயன்பட்டது வெயிலுக்குத்தான்.

நாங்கள் என்றால் நானும் என் மனைவியின் அண்ணனும். அவர் சுங்காய்ப் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து, ரப்பர் ஆலை இயந்திரங்களோடு வளர்ந்தவர். நான் புத்தகங்களோடு வளர்ந்தவன். ஆகவே அவர் பழுது பார்ப்பார், நான் டார்ச் பிடிப்பேன்.

படகு இஞ்சின், அடியிலுள்ள வால்வு வழியாக ஆற்றுநீரை உறிஞ்சி, தன் சூட்டை அதனிடம் கொடுத்து, பின்பக்கக் குழாயால் வெளியே துப்ப வேண்டும். துப்பாவிட்டால் சில நிமிடங்களில் வெந்துபோகும். இஞ்சின் இருப்பது உள்ளே, துப்புவது வெளியே. அதனால் நான் உள்ளிருந்து பொத்தானை அமுக்கிவிட்டு, "துப்புதா?" என்று கத்துவேன். அவர் பின்பக்கம் குனிந்து பார்த்து, "துப்புது லா, போலாம்" என்பார்.

ஒருநாள் இடத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். "பொத்தான எவன் வேணும்னாலும் அமுக்கலாம். பாக்கத்தான் ஆள் வேணும். ஒனக்கு அந்தத் துப்பு பத்தாது மச்சான்" என்றார்.

போன வருடம் அவர் போய்விட்டார். நெஞ்சுவலி. சாம்பலை ஆற்றுமுகத்து மணல்திட்டுக்கு அப்பால் கரைத்தோம். அதன்பிறகு இஞ்சினை யாரும் தொடவில்லை.

முதல் திதிக்கு அதே இடத்தில் பால் ஊற்ற வேண்டும் என்றாள் மனைவி. மீன்பிடிப் படகு ஒன்றைக் கேட்டுப் பார்க்கலாம் என்றேன்.

"அண்ணன் படகுலதான்" என்றாள்.

அவளுக்கு நீச்சல் தெரியாது. பதினொரு மணிக்கு மேல் கடல் உள்வாங்கி ஆற்றுமுகத்தில் தண்ணீர் வற்றிவிடும், பிறகு திட்டைத் தாண்ட முடியாது. தாண்டியபின் இஞ்சின் நின்றால், காற்றில்லாத நாளில் வற்றும் தண்ணீர் எங்களைக் கடலுக்குள் இழுத்துப் போகும். என் வாசிப்பு அங்கே எந்த உதவியும் செய்யாது.

அன்று காற்றே இல்லை. ஆறு பழைய எண்ணெய்போலக் கிடந்தது. சதுப்புமரங்களில் ஒரு பறவைகூடக் கத்தவில்லை. மனைவி பூவையும் பாலையும் எடுக்கக் காருக்குப் போயிருந்தாள். சாவி வால்வின் கைப்பிடியில் தொங்கியது. வால்வைத் தொடாமல் யாரும் இஞ்சினைக் கிளப்பக் கூடாது என்று அவர் செய்த ஏற்பாடு. வால்வைத் திறந்தேன். பொத்தானை அமுக்கினேன். பல வருடப் பழக்கம், வாய் தானாகவே கத்தியது:

"துப்புதா?"

"துப்பல மச்சான்."

சத்தமாகக்கூட இல்லை. எப்போதும்போல, தப்பு என்னுடையது என்கிற தொனி.

கை உடனே இஞ்சினை அணைத்துவிட்டது. மூளை பிறகுதான் வந்தது. மேலே ஏறிப் பார்த்தேன். பின்பக்கம் யாரும் இல்லை. மனைவி தூரத்தில் தென்னைகளுக்கு அடியில், எனக்கு முதுகைக் காட்டியபடி, காருக்குள் குனிந்திருந்தாள். பக்கத்துப் படகுகள் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு கிடந்தன.

பயப்படுவதற்கு நேரமில்லை, தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. வால்வை மூடிவிட்டுப் பம்பின் மூடியைக் கழற்றினேன். உள்ளே தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரத்தில் ஆறு இதழ்களில் இரண்டுதான் மிச்சம். மூன்று தலைமுறையாக எங்கள் குடும்பத்தை ரப்பர் விட்டபாடில்லை. ஒடிந்த துண்டுகள் உள்ளே கிடந்தால் வழியை அடைத்துவிடும். மூன்று பம்பிலேயே கிடைத்தன. நான்காவது, தண்ணீர் சூட்டை வாங்கிக்கொள்ளும் பெட்டியின் வாயில் ஒட்டியிருந்தது. அவர் உதிரி சாமான் போட்டு வைக்கும் மைலோ டின்னில் புதுச் சக்கரம் இருந்தது. பாத்திரம் கழுவும் சோப்பைத் தடவி, சுழலும் திசைக்கு இதழ்களை வளைத்து உள்ளே தள்ளினேன். டார்ச் பிடித்தபடி பார்த்துப் பார்த்துக் கற்றது.

இப்போது டார்ச்சைப் பலகைமேல் சாய்த்து வைத்திருந்தேன். என் கை எங்கே போனதோ அங்கே வெளிச்சமும் வந்தது. படகு ஆடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆற்றில் ஓர் அலைகூட இல்லை.

கடைசித் திருகை முடுக்கி வால்வைத் திறந்தபோது மனைவி ஏறி வந்தாள்.

"அப்ப யாரோட பேசிக்கிட்டு இருந்தீங்க?"

"இஞ்சினோட."

"அது பதில் சொல்லிச்சா?"

"சொல்லிச்சு."

சிரித்தாள். வாழ்நாள் முழுக்க வேடிக்கையாகப் பேசியவனுக்கு இது ஒரு வசதி. உண்மையைச் சொன்னாலும் யாரும் நம்புவதில்லை.

"பின்னாடி போய்க் குனிஞ்சு, அந்தக் குழாய் தண்ணி துப்புதான்னு மட்டும் பாரு. கம்பியப் பிடிச்சுக்க."

பொத்தானை அமுக்கினேன். இஞ்சின் இருமிக் கிளம்பியது.

"துப்புதா?"

"துப்புது!" என்றாள். சற்று நேரம் விட்டு மறுபடியும், "துப்புதுங்கறேன்ல!"

வெளியே வந்தேன். பின்னால் தண்ணீர் விட்டு விட்டு, ஆனால் நன்றாகவே துப்பிக்கொண்டிருந்தது.

"ஒரு தடவ சொன்னா போதாதா?"

"ரெண்டு தடவ கேட்டது நீங்கதான?"

நான் கேட்டது ஒரு தடவை. திட்டைத் தாண்ட இன்னும் தண்ணீர் இருந்தது. கயிற்றை அவிழ்த்தேன்.