பதில் ஆளை உள்ளே விடவில்லை

ஆண்டவரின் பிள்ளைகளே, நான் ஜெயராணி. ஆலயத்தில் பெண்கள் பக்கம் கடைசித் தூணை ஒட்டி உட்காருகிறவள். எழுந்து நின்று சாட்சி சொல்ல எனக்கு நாக்கு எழாது. போதகர் இரண்டு முறை கூப்பிட்டும் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் ஆண்டவர் எனக்குச் செய்ததை வெளியே சொல்லாமல் வைத்திருப்பது நன்றிகெட்ட வேலை. அதனால் எழுதித் தருகிறேன்.

பேண்டேஜ் துணிக்கு ஒரு வாடை உண்டு. சலவை மருந்து காய்ந்தும் காயாமலும் இருக்கிற வாடை. ராஜபாளையத்துக்கு வெளியே ஒரு கம்பெனியில் வருடக்கணக்காக அந்தத் துணியை மிஷினில் ரோல் சுற்றுகிறேன். ஒரு நாளும் அந்த வாடை எனக்குத் தெரிந்ததில்லை. போன ஆண்டு ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் ஒரு காலையில் மிஷின் முன்னால் நின்றபோது அது தொண்டைக்குள் ஏறியது. ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். மறுநாளும் எடுத்தேன். அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

எனக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணமாகிப் பல வருடம். இதற்கு முன் இரண்டு முறை உண்டாகி இரண்டும் கலைந்துபோனது. இரண்டுமே மிஷின் முன்னால் நின்றபடி தொடங்கிய வலி. அதற்குப் பிறகு நானும் என் கணவரும் பிள்ளையைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டோம். அவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். ஒரு நாள் ஓட்டம் இருக்கும், ஒரு நாள் இருக்காது. என் மிஷின்தான் வீட்டில் அடுப்பு எரிய வைத்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா சோதித்துவிட்டு, கர்ப்பப்பை வாயில் தையல் போட வேண்டும் என்றார். "தையல் போட்ட பொறவு நின்னுக்கிட்டே வேலை பாக்கக் கூடாது. உக்காந்து பாக்கிற வேலைன்னா பாருங்க. இதையும் இழந்துறாதீங்க" என்றார். அந்த 'இதையும்' என்ற சொல் பஸ்ஸில் வரும்போது முழுக்க என் காதில் இருந்தது.

எங்கள் கம்பெனியில் எங்களை யாரும் வேலையாள் என்று சொல்வதில்லை. 'பார்ட்டி' என்பார்கள். யாவாரிகள் தங்களுக்குள் சொல்லிக்கொள்கிற வார்த்தை. மிஷின் கம்பெனியுடையது, துணி கம்பெனியுடையது, வருகிற நேரமும் போகிற நேரமும் அவர்கள் சொல்வது. ஆனால் நாங்கள் ஒவ்வொருத்தியும் காண்ட்ராக்ட் எடுத்துச் சொந்தத் தொழில் செய்கிறவர்களாம். மகளிர் தினத்தன்று எங்களுக்குச் சால்வை போட்டு, 'பெண் தொழில்முனைவோர்' என்று பேனர் கட்டிப் போட்டோ எடுத்தார்கள். நானும் பெருமையாக அந்தச் சால்வையைப் பீரோவில் மடித்து வைத்திருந்தேன். பின்னால் அதை எடுத்து வீட்டுத் தரையைத் துடைத்தேன்.

மேனேஜரும் விசுவாசி. காலையில் மிஷின் போடுவதற்கு முன் எல்லோரையும் நிற்க வைத்து ஜெபம் செய்கிறவர். அதனால் தைரியமாகப் போய்க் கேட்டேன்.

"சார், கொஞ்ச நாளைக்கு எனக்கு உக்காந்து பாக்கிற வேலை குடுங்க. பாக்கெட் போடுற பக்கம் போறேன்."

"வயித்துலயாம்மா? சந்தோசம், ரொம்பச் சந்தோசம். ஆண்டவர் நல்லவரு." யாரோ வாங்கி வந்த பால்கோவாவைத் தின்றுகொண்டிருந்தார். "ஆனா நீ உக்காரு, நில்லுன்னு நான் எப்படிம்மா சொல்ல முடியும்? நீ ஒரு பார்ட்டி. உன் தொழிலுக்கு நீதான் முதலாளி. முதலாளிக்கு யாரு லீவு குடுப்பா?"

"அப்போ பிள்ளை பெறந்த பொறவு வாரேன் சார். மிஷினை மட்டும் எனக்கு வச்சிருங்க."

"மிஷின் சும்மா நிக்குமாம்மா? வேற பார்ட்டிக்குக் குடுத்துருவோம். இல்லையா, உனக்குப் பதில் ஆள் வச்சு ஓட்டு. காண்ட்ராக்ட்ல அதுக்கு இடம் இருக்கு. நான் உனக்காக ஜெபிக்கிறேம்மா."

சொன்னபடியே எழுந்து வந்து என் தலையில் கைவைத்து ஜெபித்தார். விரலில் இருந்த பால்கோவா நெய் என் முடியில் பிசுபிசுத்தது. வீட்டுக்கு வந்து சீயக்காய் போட்டு இரண்டு முறை தேய்த்தேன். போகாதது போலவே இருந்தது.

சரி, பதில் ஆள் என்றாரே, அதையாவது செய்வோம் என்று நினைத்தோம். என் நாத்தனார் தங்கம் சுந்தரபாண்டியத்தில் இருக்கிறாள். கல்யாணத்துக்கு முன் இதே ரோல் மிஷினில் வேலை பார்த்தவள். இப்போது வீட்டில் சொந்தத் தையல் மிஷின் போட்டுக் கடைகளுக்கு நைட்டி தைக்கிறாள். தையல் போட்டு நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"மதினி, நீ காலை நீட்டிப் படு. நான் போறேன். உன் மிஷினு என்ன ஏரோப்ளேனா, எனக்கு ஓட்டத் தெரியாம போறதுக்கு?"

நானும் என் கணவரும் முழங்கால் போட்டு ஜெபித்தோம். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். 'ஆண்டவரே, தங்கத்தை அந்தக் கேட்டுக்குள்ளே விடப் பண்ணும். பிள்ளையும் பிழைக்கும், மிஷினும் பிழைக்கும்.' வேறு எதையும் நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை மூன்று பேரும் லோடு ஆட்டோவில் கேட்டுக்குப் போனோம். வாட்ச்மேன் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரை 'மிலிட்டரி' என்போம். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. தங்கத்தைக் கை நீட்டி நிறுத்தினார்.

"நீ யாரு?"

"ஜெயராணிக்குப் பதிலா வந்திருக்கேன்."

"இது ஜெயராணி மூஞ்சி இல்லையே."

"மூஞ்சியா ரோல் சுத்தப் போகுது? கைதானய்யா சுத்தும்."

"ஆளு மாறி உள்ள விடக் கூடாது. ஆர்டர்."

"யாரு போட்ட ஆர்டரு?"

"மேனேஜர் சார் வாயால போட்ட ஆர்டர். நீ என் சொந்தத் தங்கச்சியா இருந்தாலும் விட மாட்டேன்."

"உன் தங்கச்சியா நான் பெறக்காம இருந்ததுக்கு ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்றாள் தங்கம்.

அதற்குள் மேனேஜர் பைக்கில் வந்தார். நான் ஆட்டோவிலிருந்து மெதுவாக இறங்கி, "சார், நீங்கதான பதில் ஆள் வைக்கச் சொன்னீய?" என்றேன்.

"அது காண்ட்ராக்ட்டும்மா. இது கேட்டு" என்றார். "வெளியாள உள்ள விட்டு, துணி களவு போனா யாரு பதில் சொல்றது? நீயே வா. இல்லைன்னா விட்டுரு. உனக்காக ஜெபத்துல நெனைச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்." கேட் திறந்தது, அவர் பைக் போனது, கேட் மூடியது.

நான் கேட்டுக்கு வெளியே சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். அதற்குப் பல நாட்களுக்கு முன்பே மசக்கை நின்றிருந்தது. அன்றைக்கு வந்தது பிள்ளையால் வந்தது இல்லை. மிலிட்டரிதான் தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் ஊற்றித் தந்தார். ஆனாலும் கேட்டைத் திறக்கவில்லை.

அடுத்த வாரமே என் மிஷினை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். அவளும் பார்ட்டிதான்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எனக்கு ஜெபிக்கவே வரவில்லை. ஆண்டவர் மேல் கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது. அருவருப்பு. 'ஜெபிக்கிறேன்' என்பது அந்த மனிதர் வாயில் புரண்ட வார்த்தை. அதை என் வாயில் எடுப்பது, ஒருவர் தின்று வைத்த எச்சில் தட்டில் சாப்பிடுவது போல இருந்தது. நான் கேட்ட ஒரே காரியத்தையும் ஆண்டவர் கேட்டில் நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டாரே என்று நினைத்தேன். ஒரு நாள் கட்டிலில் படுத்தபடியே கண்ணை மூடினேன். வார்த்தை வரவில்லை. 'சீ' என்றுதான் வந்தது. அதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அதைத்தான் அவர் ஜெபமாக எடுத்துக்கொண்டார் என்று இப்போது நம்புகிறேன்.

ஆடி மாதம் செக்கப்புக்குத் தங்கத்தோடு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். கோயில் தேரோட்டத்துக்கு முந்தின நாட்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியெல்லாம் கூட்டம். சுற்றிப் போக என்னால் நடக்க முடியவில்லை. கோர்ட் வளாகத்தில் ஒரு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தோம். "தண்ணி கேட்டுட்டு வாரேன்" என்று தங்கம் பக்கத்துக் கட்டிடத்துக்குள் போனாள். செத்த நேரம் ஆயிற்று, வரவில்லை. எட்டிப் பார்த்தால், அது இலவச சட்ட உதவி மையம். இளவயது வக்கீலம்மா ஒருவர் எலுமிச்சைச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்க, எதிரே உட்கார்ந்து தங்கம் எங்கள் கதையைச் சொல்லி மிலிட்டரியைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"வம்படியா நிக்கான் அந்த ஆளு. ஆர்டராம் ஆர்டரு."

வக்கீலம்மா கை சோற்றிலேயே நின்றது. "இருங்க. பதில் ஆளா போன உங்களை உள்ள விடலையா?"

"கால்ல விழுந்தாலும் விட்டிருக்க மாட்டான்."

"விடக் கூடாதுன்னு மேனேஜரே சொன்னாரா?"

"எம் மதினியைக் கேளுங்க. அவிய முகத்துக்கு முன்னாலதான் சொன்னாரு."

வக்கீலம்மா கையைக் கழுவிவிட்டு வந்து என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "அக்கா, மிஷின் அவங்களது. நேரம் அவங்க சொல்றது. உங்களுக்குப் பதிலா ஒரு ஆளை அனுப்பக்கூட உங்களுக்கு உரிமை இல்ல. இது எப்படிச் சொந்தத் தொழில் ஆகும்? ரோல் கணக்குக்குக் கூலி வாங்கினாலும் நீங்க வேலையாள்தான். கர்ப்பமா இருக்கிறவங்களை அதுக்காக வேலையை விட்டு நிறுத்தக் கூடாது. பேறுகால விடுப்பு உண்டு, அந்த நாளைக்குக் கூலியும் உண்டு. பார்ட்டின்னு பேரு வச்சுட்டா சட்டம் மாறிடாது."

"அப்போ நான்?" என்றாள் தங்கம். "என் மிஷினு, என் நேரம். எந்தக் கடைக்கு வேணாலும் தைப்பேன்."

"நீங்கதான் நிஜமான சொந்தத் தொழில். உங்களுக்கு விடுப்பு குடுக்க முதலாளி கிடையாது. ஆனா அமைப்புசாரா தொழிலாளர் நலவாரியத்துல பதிஞ்சு வச்சிருந்தா பேறுகால உதவி கிடைக்கும்."

"மூணு பெத்து முடிச்ச பொறவு வந்து சொல்றீயளே தாயி" என்றாள். அன்றைக்குத்தான் பல வாரம் கழித்து நான் சிரித்தேன்.

மனு போட்டோம். தொழிலாளர் துறை அதிகாரி இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டார். மேனேஜர் வெள்ளைச் சட்டையில் வந்தார், கூடவே மிலிட்டரியையும் சாட்சிக்குக் கூட்டி வந்தார். வயிற்றில் பிள்ளை அசைந்துகொண்டே இருந்தது.

"சார், இவங்க எல்லாரும் சொந்தத் தொழில் பண்றவங்க" என்றார் மேனேஜர். "வந்தா வரலாம், வராட்டிப் போகலாம். யாரை வேணாலும் அனுப்பலாம். கேட்டுல நாங்க பேருகூடக் கேக்கிறதில்ல. இவரைக் கேளுங்க."

மிலிட்டரி முகம் மாறியது. "பேரு கேக்கிறதில்லையா?" என்றார். விறைப்பாக நின்றுகொண்டார். "ஐயா, அந்தக் கேட்டுல நான் நிக்கிற வரைக்கும் பேரு கேக்காம ஒரு கோழிகூட உள்ள போனதில்ல."

"இந்தம்மா பதில் ஆள் அனுப்பினாங்களா?" என்று கேட்டார் அதிகாரி.

"அனுப்பினாங்க ஐயா. நான் விடல. ஆளு மாறி விட்டா என் சீட்டைக் கிழிச்சிருவேன்னு மேனேஜர் சார் ஆர்டர். அன்னைக்கு மட்டும் இல்ல, என்னைக்கும் விட்டதில்ல."

மேனேஜர் அவர் கையைப் பிடித்து இழுத்தார். மிலிட்டரி நகரவில்லை. தன் வேலையை ஒழுங்காகப் பார்க்காதவன் என்று நாலு பேர் முன்னால் சொன்னதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அதிகாரி எழுதுவதை நிறுத்தி, "யாரை வேணாலும் அனுப்பலாம்னீங்களே" என்று மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் மேசையைப் பார்த்தார்.

அங்கே நான் உட்கார்ந்திருந்த மர நாற்காலியில்தான் எனக்கு விளங்கியது. தங்கத்தை உள்ளே விடப் பண்ணும் என்று கேட்டேன். அன்றைக்கு விட்டிருந்தால் நான் கடைசி வரைக்கும் பார்ட்டியாகவே இருந்திருப்பேன், தாய்மைக்கு ஒரு நாள் விடுப்பும் இல்லாமல். கேட்டை அடைத்தே என் ஜெபத்துக்குப் பதில் சொல்லியிருக்கிறார். எனக்குத்தான் அது புரியாமல் சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

கம்பெனி ஒத்துக்கொண்டது. நான் வேலையாள் என்றும், விடுப்பும் கூலியும் தருவதென்றும், திரும்பி வரும்போது என் வேலை எனக்கே என்றும் எழுதிக் கொடுத்தார்கள். வெளியே வந்ததும் மேனேஜர், "பாத்தியாம்மா, நான் ஜெபிச்சது வீண் போகல" என்று என் தலையை நோக்கிக் கையைக் கொண்டுவந்தார். நான் பின்னால் நகர்ந்துகொண்டேன். "வேண்டாம் சார்" என்றேன். என் வாழ்நாளில் ஒரு மேலதிகாரியிடம் நான் சொன்ன முதல் வேண்டாம் அது. சொன்னவள் நான்தானா என்று தங்கம் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தாள். ஜெபா என்று பெயர் வைத்தோம். அந்த வார்த்தையைக் கழுவி என் வாய்க்குத் திருப்பித் தந்தவர் ஆண்டவர். இப்போது நாளெல்லாம் அதைச் சொல்லித்தான் கூப்பிடுகிறேன்.

விடுப்பு முடிந்து வேலைக்குப் போன முதல் நாள், பால் கொடுக்கிற நேரத்துக்குத் தங்கம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சாட்சி சொன்னதற்காக மிலிட்டரியை வேலையை விட்டு நிறுத்தப் பார்த்து, அதிகாரிக்குப் பயந்து விட்டுவிட்டார்கள். அதே சட்டை, அதே விறைப்பு. நான் உள்ளேயிருந்து வருவதைப் பார்த்தபடியே தங்கத்தைக் கேட்டார்.

"இது யாரு?"

"ஜெயராணிக்குப் பதிலா வந்திருக்கா" என்றாள் தங்கம்.

அவர் பிள்ளையின் முகத்தைக் குனிந்து பார்த்தார். "பதிலா வந்தாத்தான் விடக் கூடாது. கூட வந்தா ஆர்டர் ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக் கேட்டைத் திறந்தார்.

சகோதரிகளே, உங்களில் பலர் மில்லிலும் பேண்டேஜ் கம்பெனியிலும் பார்ட்டியாக இருக்கிறீர்கள். வயிற்றுப் பிள்ளையை ஒளித்து ஒளித்து நிற்கிறீர்கள். ஆண்டவரிடம் கேளுங்கள். சட்டம் தெரிந்தவர்களிடமும் கேளுங்கள், அவர்களையும் அவர்தான் மரத்தடிக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார். அழகான வார்த்தை வரவில்லை என்று ஜெபிக்காமல் இருக்காதீர்கள். உங்களுக்கு அருவருப்பு வந்தால் அதையும் அவரிடம் கொண்டுபோங்கள். நான் கொண்டுபோனது ஒரு 'சீ' மட்டும்தான். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.