இடப்பக்க இருக்கை

ஷெட்டில் இருந்தவர்கள் மூன்று பேர். ஷெட்டுக்காரன் சித்தீக், கூத்தாநல்லூரில் பிறந்தவன், கார் ஒயரிங்கில் கைதேர்ந்தவன். அவனுடைய கூட்டாளி எழில்மொழி, காரின் கம்ப்யூட்டருக்குள் புகுந்து எண்களை மாற்றுகிறவள். வண்டிக்காரர் வீரையன், குடவாசல் பக்கம் அறுவடை மிஷின் வாடகைக்கு விடுகிறவர். இவர்களைத் தவிர அந்த ஆறு நாளும் உள்ளே யாரும் கால் வைக்கவில்லை. சித்தீக் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

இது நடந்தது. நம்புங்கள் என்று கெஞ்சப் போவதில்லை. பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை என்று எதிர்பார்ப்பவர்கள் இத்தோடு எழுந்து போகலாம். இதில் இருட்டே கிடையாது. எல்லாம் பங்குனி வெயிலில், உச்சிப்பொழுதில் நடந்தது. நேரங்கள் கருவியில் பதிவானவை. யாரும் பயத்தில் கூட்டிக் குறைத்துச் சொன்னவை அல்ல.

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் சாலையில், ஊர் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் ஷெட். அங்கே நடக்கும் வேலை வெளியே தெரியாது. தெரியக்கூடாது என்பதுதான் வேலையே. கார் வரும்போது எப்படி இருந்ததோ அப்படியே போகும். கீறல் கூட அதே கீறல். ஆனால் உள்ளே, எஞ்சினுக்குக் காற்றைத் திணிக்கும் டர்போ மாறியிருக்கும். பம்பருக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அந்தக் காற்றைக் குளிர்விக்கப் பெரிய இன்டர்கூலர் உட்கார்ந்திருக்கும். எஞ்சினை ஆளும் சின்னக் கம்ப்யூட்டருக்கு எழில்மொழி புதுக் கணக்குச் சொல்லிக் கொடுத்திருப்பாள். கல்யாண மண்டப வாசலில் நிற்கும் பழைய டீசல் கார் மாதிரி இருக்கும். மிதித்தால் வயிறு முதுகில் ஒட்டும்.

வீரையன் சனிக்கிழமை வந்தார். வெள்ளைக் கார். ஐந்து வருடப் பழசு. முன்பு ஒரு வாடகைக் கார் கம்பெனியில் ஓடியது; இவர் வாங்கி இரண்டு வருடம்.

"பார்த்தா சாது மாதிரி இருக்கணும் தம்பி. போனா பறக்கணும்."

"பறக்க வச்சிடலாம்ண்ணே. எதுக்கு அவ்வளவு வேகம்? மிஷின் ஓட்டுறவங்களுக்கு டீ வாங்கிட்டு வரவா?"

வீரையன் சிரிக்கவில்லை. "வண்டி இழுக்க மாட்டேங்குது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி இன்னொன்று சொன்னார். "பக்கத்து சீட்டுக்குப் பெல்ட் போடலைன்னா சத்தம் வருதுல்ல... அது வரவே கூடாது. அடியோட எடுத்துடுங்க."

"யாராச்சும் உட்கார்ந்தாதானே வரும்? உட்காரச் சொல்லிப் பெல்ட் போடச் சொல்லுங்க."

"எடுத்துடுங்க" என்றார் மறுபடி.

அவர் போனதும் எழில்மொழி சொன்னாள்: "பாய், இந்த ஆளு கள்ளச் சரக்கு கடத்தப் போறாரு. இல்லன்னா சின்ன வீடு."

சித்தீக்குக் கவலை வேறு. அந்த வாரம் அவன் கண் வீரையன் மேல் இல்லை. எழில்மொழி மேல் இருந்தது. கோயம்புத்தூரில் ஒரு பெரிய கடை அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அவள் பின்பக்கம் போய் போனில் பேசுவதை இரண்டு தடவை கேட்டுவிட்டான். "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றாள். அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்கு வருடம் இருவரும் சேர்ந்து கட்டிய ஷெட். அவள் போனால் அவன் வெறும் ஒயர்மேன். ஸ்பானர் ஆயிரம் பேரிடம் இருக்கிறது. அவள் கணக்கு அவளிடம் மட்டும்தான்.

திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் இரும்பு வேலை முடிந்தது. தீப்பெட்டி அளவு ஒரு கருவியை ஸ்டியரிங்குக்குக் கீழே ஒளித்து வைத்தார்கள். சோதனை நாட்களில் எல்லாக் காரிலும் வைப்பது. வேகம், ஆக்ஸிலரேட்டர் மிதி, கதவு, இருக்கை எல்லாவற்றையும் நொடிக்கு நொடி பதிந்து எழில்மொழியின் போனுக்கு அனுப்பும்.

செவ்வாய். அவள் புதுக் கணக்கை ஏற்றிக்கொண்டிருந்தாள். சாவி போட்டிருந்தது. எஞ்சின் ஓடவில்லை.

மணி 12:20.

டிங்... டிங்... டிங்...

பெல்ட் சத்தம். இடப்பக்க இருக்கை காலி.

"சீட்ல பை வச்சியா?"

"இல்ல பாய். சென்சார் செத்துருக்கும். வெயில்."

அவன் கையால் இருக்கையை அழுத்திப் பார்த்தான். கீழே கால் வைக்கும் மிதியடியில் நாலைந்து உளுந்து நெற்று கிடந்தது. காய்ந்து வெடித்த நெற்று. காலையில்தான் அவன் மிதியடியைக் கழுவிப் போட்டிருந்தான். எடுத்து வெளியே எறிந்தான்.

சத்தம் நிற்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்கள். அது நின்றபோது மணி 2:03.

புதன்கிழமை 12:10க்கு ஓட்டிப் பார்க்கக் கிளம்பினான். தனியாக. எழில்மொழி ஷெட்டில் உட்கார்ந்து போனில் எண்களைப் பார்த்தாள்.

சாலையில் வழக்கம்போல உளுந்துச் செடி பரப்பிக் கிடந்தது. அறுத்த செடியைத் தார் ரோட்டில் போட்டுவிட்டால் போதும். போகிற வண்டியே மிதித்து நெற்றை உடைத்துக் கொடுத்துவிடும். யாரும் ஒதுங்கிப் போவதில்லை. ஒதுங்கினால்தான் திட்டு விழும். ஒரு பெரியவர் துண்டை ஆட்டி, "ஏத்துங்க தம்பி, நல்லா ஏத்துங்க!" என்றார். சித்தீக் ஏற்றினான்.

சரசரசர...

அந்தச் சத்தத்தோடு சேர்ந்து இன்னொன்று.

டிங்... டிங்...

12:20.

பக்கத்தில் யாரும் இல்லை. அவன் மிதியிலிருந்து காலை எடுத்தான். வேகம் குறைய வேண்டும்.

ஏறியது.

84... 96... 110...

காலைத் தூக்கிப் பார்த்தான். மிதி மேலேதான் இருந்தது. யாரும் தொடவில்லை. எஞ்சின் மட்டும் அலறிக்கொண்டு இழுத்தது. இரண்டு காலாலும் பிரேக்கையும் கிளட்சையும் அழுத்தி, சாவியைத் திருப்பி, வாய்க்கால் மதகை ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்தினான். 

போன் அடித்தது.

"பாய், ஏன் இப்படி உதைக்கிறீங்க? மிதி நூறுக்குப் போகுது, சைபருக்கு வருது, நூறுக்குப் போகுது..."

"நான் மிதிக்கலை."

"அப்ப பக்கத்துல இருக்கிறவங்க சேட்டையா? யாரை ஏத்தினீங்க?"

"யாருமில்ல."

"ஆள் இருக்குன்னு காட்டுது பாய். பெல்ட்டும் போட்டாச்சுன்னு காட்டுது."

அவன் திரும்பிப் பார்த்தான். பெல்ட் போட்டிருந்தது. காலி இருக்கையின் குறுக்கே, இழுத்து, மாட்டி.

சத்தம் எப்போது நின்றது என்று அவன் கவனிக்கவே இல்லை.

பயந்தவன் முதலில் தேடுவது ஆளைத்தான். பேயை அல்ல. அவனுக்கு ஆள் தயாராக இருந்தது. காரின் மூளைக்குள் கை வைக்கத் தெரிந்தவள் ஒருத்திதான். ஷெட்டின் பெயரைக் கெடுத்துவிட்டுக் கோயம்புத்தூர் போகப் பார்க்கிறாள். பெல்ட்டைக் கிளம்பும்போதே மாட்டி வைத்திருப்பாள்.

ஷெட்டுக்கு வந்ததும் கேட்டான்.

"உள்ள என்ன எழுதி வச்சிருக்க?"

"எதுக்குள்ள?"

"கோயம்புத்தூர் எப்பப் போற?"

அவள் லேப்டாப்பை மூடினாள். "போகலைன்னு நேத்தே சொல்லிட்டேன். இங்க ஒருத்தர் நம்பி இருக்காருன்னு சொன்னேன்."

"என்னைக் கொல்லப் பார்த்துட்டு கதை விடுறியா?"

அவள் அவனையே பார்த்தாள். அழவில்லை. ஷெட் சாவியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "நாலு வருஷம், பாய்" என்றாள். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வியாழன். சித்தீக் தனியாக இருந்தான். அவள் எழுதியதை மொத்தமாக அழித்தான். கார் செய்த கம்பெனியின் பழைய கணக்கையே திரும்ப ஏற்றினான். சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தான். இனிமேல் அது வந்தால் பார்க்கலாம் என்று.

12:20.

டிங்...

இருக்கைக்கு அடியில் கையை விட்டு சென்சார் ஒயரைப் பிடுங்கினான்.

டிங்... டிங்...

மிதியடியில் உளுந்து நெற்று. கை நிறைய.

அப்போதும் அவன் அவளைத்தான் சந்தேகப்பட்டான். உள்ளே எங்கோ ஒரு பெட்டியை ஒளித்து வைத்திருக்கிறாள். டேஷ்போர்டைப் பிரித்தான். ஒயர்களுக்குப் பின்னால், கடைசியில், டேப் சுற்றி...

ஒரு பெட்டி.

மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தான். இழுத்தான். அதன் மேல் விரற்கடை அளவு தூசி. பழைய வாடகைக் கம்பெனியின் ஸ்டிக்கர். கார் எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று பார்க்க முதலாளிகள் வைக்கும் கருவி. எடுக்க மறந்துவிட்டார்கள். அது பாட்டுக்கு எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது.

அதற்குள் இருந்த மெமரி கார்டை உருவி, காருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் போட்டான். 12:20, 2:03 இரண்டு நேரத்தையும் கொடுத்துத் தேடினான். ஒரே ஒரு நாள் வந்தது. போன வருடம், மார்ச் 21.

12:20. குடவாசல் பக்கத்து ரோட்டில் கார் நின்றிருக்கிறது.

12:26. கிளம்பியிருக்கிறது.

12:31. ஆற்றங்கரைப் பாதையில் ஒதுங்கி நின்றிருக்கிறது. எஞ்சின் ஓடுகிறது. வண்டி நகரவில்லை.

1:00. நகரவில்லை.

1:30. நகரவில்லை.

2:03. கிளம்பியிருக்கிறது.

2:21. ஆஸ்பத்திரி.

அங்கிருந்து ஆஸ்பத்திரி பதினெட்டு நிமிடம்தான்.

முதுகுக்குப் பின்னால் சத்தம் நின்றது. அவன் திரும்பவில்லை. வெகுநேரம் திரும்பவில்லை.

டேஷ்போர்டைத் திரும்ப மாட்டி, 3:40க்குத் தீப்பெட்டிக் கருவியைக் கழற்றினான். நாலு மணிக்கு வீரையன் பஸ்ஸில் வந்து இறங்கினார். சித்தீக் கேட்டது இவ்வளவுதான்:

"அண்ணே, போன வருஷம் மார்ச் இருபத்தொண்ணு..."

வீரையன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "வண்டி இழுக்கலை தம்பி. அன்னைக்கு வண்டி இழுக்கவே இல்லை" என்றார். கையை நீட்டினார். "இப்ப இழுக்கும்ல?"

சித்தீக் சாவியைக் கொடுத்தான். கொடுத்திருக்கக் கூடாது. கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பைக்கில் போனான். கார்டு காட்டிய இடத்தில் ஒரு டீக்கடை. கடைக்காரி ராஜாத்தி. அவளே எல்லாம் சொன்னாள்.

"அம்சம்னு ஒருத்தி இருந்தா தம்பி. கூலிக்கு உளுந்து அடிக்க வந்தவ. வெயில் தாங்காம ரோட்டோரச் செடிப் போர் நிழல்ல துண்டைப் போட்டுப் படுத்துட்டா. செடியோட செடியா கிடந்தது தெரியாம வீரையன் காரை ஏத்திட்டாரு. அவரைக் குத்தம் சொல்ல முடியாது. எல்லாரும் ஏத்துறதுதானே? அவ இடுப்பு மேல ஏறுனதும் சரசரன்னுதான் கேட்டுச்சாம்."

"உடனே போயிட்டாங்களா?"

"எங்க? நல்லா பேசினா. நானும் அவருமாத்தான் தூக்கி முன் சீட்டுல உட்கார வச்சோம். பெல்ட்டு போட்டுவிட்டேன். நானும் வரேன்னேன். வேணாம், அவ மகனுக்குச் சொல்லி விடு, நான் பறந்துடுறேன்னாரு." ராஜாத்தி கிளாஸைக் கழுவி வைத்தாள். "கண்ணாடி வழியா அவ சொல்லிக்கிட்டே போனா. சீக்கிரம் போங்கய்யா, சீக்கிரம் போங்கய்யான்னு... வண்டி இழுக்கலையாம், ஆஸ்பத்திரி சேர்றதுக்குள்ள உசுரு போயிடுச்சு. என்ன பண்றது."

சித்தீக் டீயைக் குடிக்கவில்லை.

நேராகத் தஞ்சாவூர் கரந்தையில் எழில்மொழி வீட்டுக்கு வந்தான். மணி 5:10. கதவைத் தட்டினான். அவள் வாசலுக்கு வந்து நின்றாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். கார்டை எடுத்துக் காட்டினான்.

"தப்பு என்னுது எழில். வா. ரெண்டு பேரும் போய் ஸ்டேஷன்ல கொடுப்போம். ஷெட்டுக்குத் திரும்பி வந்துடு."

"நான் இல்லைன்னு நம்ப உங்களுக்கு ஒரு பேய் வந்து சொல்லணுமா பாய்?"



அவள் கையை நீட்டிக் கார்டை வாங்கிக்கொண்டாள். "அம்சம் மகன்கிட்ட நான் கொடுத்துக்கிறேன். அவன் போவான் ஸ்டேஷனுக்கு." பிறகு போனை எடுத்து அவன் முன்னால் காட்டினாள். "நேத்து நீங்க யாரையோ உட்கார வச்சு டெஸ்ட் பண்றீங்கன்னு நினைச்சேன். எனக்குப் பதில் ஆள் சேர்த்துட்டீங்கன்னு நினைச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

"ஒயரைப் பிடுங்கிட்டேனே..."

"பிடுங்கின அப்புறமும் வந்துச்சு. படிங்க."

வியாழன், 12:20. இடப்பக்க இருக்கை: ஆள் உண்டு.

2:03. முன் இடக் கதவு: திறப்பு.

2:03. முன் இடக் கதவு: மூடல்.

2:04. இடப்பக்க இருக்கை: காலி.

"வீரையன் வெறும் காரைத்தான் ஓட்டிட்டுப் போயிருக்காரு" என்றாள். "இறங்கினது உங்க ஷெட்டுல."

"எழில்..."

அவள் உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். முதலில் மேல் தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு கீழ்த் தாழ்ப்பாள். பிறகு பூட்டில் சாவி இரண்டு முறை சுற்றியது.