திருநீற்றில் துடைத்த ஊசி

திங்கட்கிழமை மாலைகளில் இண்டூரை அடுத்த எங்கள் சிற்றூர்ச் சிவன் கோயில் மண்டபத்தில் பதிகம் ஓதுவோர் நாங்கள் மூவர். மூவருக்கும் சர்க்கரை நோய். ஓதி முடித்ததும் வருவதோ சர்க்கரைப் பொங்கல். மறுத்தால் சிவாபராதம், உண்டால் உடலுக்கு அபராதம். மொரப்பூரில் ரயில்வே வேலை பார்த்து ஓய்வுபெற்ற நண்பர் இதற்கொரு வழி கண்டார். தம் மகன் வாங்கித் தந்த சர்க்கரை பார்க்கும் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு வருவார். ஓதிய வாயை மூடி விரலை நீட்டுவோம். அளவு குறைந்தவருக்குப் பொங்கல், ஏறியவருக்குச் சுண்டல்.

கருவியில் செருகும் பட்டை ஆளுக்கொன்று. விரலில் குத்தும் ஊசி மட்டும் அனைவருக்கும் ஒன்றே. ஒருவருக்குக் குத்தியபின் அதன் நுனியைத் திருநீற்றில் தோய்த்துத் துடைத்து அடுத்தவருக்குக் குத்துவார். பிறவிப் பிணியையே தீர்க்கும் நீறு ஒரு கிருமியையா விட்டுவைக்கும் என்பது எங்கள் மருத்துவ சாத்திரம்.

எங்களுக்குப் பண் எடுத்துக் கொடுக்கும் மூன்றாமவர் விவசாயி. கண்புரை அறுவைக்காகத் தருமபுரி சென்று திரும்பியவர், அடுத்த திங்களன்று மண்டபத்தில் ஏறாமல் கொடிமரத்தருகே நின்றுவிட்டார்.

"ஏன் அங்கயே நின்னுட்டீங்க? கண்ணு தெரியுதில்ல?" என்றார் ரயில்வேக்காரர்.

"கண்ணு நல்லாத் தெரியுதுங்க. ரத்தத்துலதான் கோளாறாம். ஆபரேஷனுக்கு முன்னால டெஸ்டு எடுத்தாங்க. மஞ்சக்காமாலையில பி வகையாம். ரத்தத்துல பரவுமாம். யாரு கூடயாவது பிளேடு, ஊசி பொதுவா வெச்சிருக்கீங்களான்னு டாக்டரு கேட்டாரு. எனக்கு உங்க ரெண்டு பேரு மூஞ்சிதான் ஞாபகம் வந்துது."

பேனா போன்ற அந்த ஊசிக் குழாய் ரயில்வேக்காரர் கையிலேயே நின்றுவிட்டது.

"என்கிட்டருந்து உங்களுக்கா, உங்ககிட்டருந்து எனக்கான்னு கேக்காதீங்க. டாக்டருக்கே தெரியலை. நீங்க ரெண்டு பேரும் டெஸ்டு பண்ணிக்கங்க. நான் இனிமே வரலைங்க. வூட்லயும் தனித்தட்டு வெச்சிட்டேன்."

"தட்டு தனியா வெக்கச் சொன்னாரா?" என்றேன்.

"இல்லீங்க. தொட்டாலோ, கூட உக்காந்து சாப்பிட்டாலோ ஒட்டாதாம். பிளேடும் பிரஷ்ஷும் தனியா வெச்சாப் போதும்னாரு. எனக்குத்தான் மனசு கேக்கலை."

மறுநாளே நாங்கள் இருவரும் மருத்துவமனைக்குச் சென்றோம். ஊசியை எதைக்கொண்டு துடைத்தீர்கள் என்று கேட்ட பெண் மருத்துவர், விடையைக் கேட்டுச் சற்றே கண்ணை மூடிக்கொண்டார். அவர் நெற்றியிலும் நீறு இருந்தது.

"திருநீறை நெத்தியில வெச்சுக்கங்க ஐயா. ஊசிய ஒருக்கா குத்தினாத் தூக்கிப் போட்டுடணும். குத்தற பேனாவும் ஆளுக்கொண்ணு வாங்குங்க."

முடிவு வரும்வரை நான் ஓதியதில் பக்தியைவிடப் பயமே மிகுந்திருந்தது; இறைவனுக்கு வேறுபாடு தெரிந்திருக்கும். கடைசியில், இருவர் ரத்தத்திலும் இப்போதைக்கு ஒன்றுமில்லை, சில மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், உடனே தடுப்பூசியைத் தொடங்க வேண்டும் என்றார்கள்.

அடுத்து வந்த திங்களன்று மண்டபத்தில் எங்கள் இருவர் குரல் மட்டுமே ஒலித்தது. மறுநாள் விவசாயியின் வீட்டுக்குப் போனோம். எங்களுக்கு நாற்காலி போட்டுவிட்டு, தாம் மாட்டுக் கொட்டகையோரம் போய் உட்கார்ந்துகொண்டார்.

"நாளைக்கு எங்களுக்குத் தடுப்பூசி. நீங்களும் கெளம்புங்க" என்றார் ரயில்வேக்காரர்.

"எனக்கு எதுக்குங்க? எனக்குப் போட்டுப் பிரயோஜனமில்லைன்னுட்டாங்க. அப்பப்ப வந்து ஈரலைப் பரிசோதிச்சுக்கிட்டாப் போதுமாம்."

"ஊசி போட இல்லைங்க. நான் அழுதா வேடிக்கை பாக்க ஒரு ஆளு வேணாமா? இவரு கண்ணை மூடிக்கிட்டு மந்திரம் சொல்லிட்டிருப்பாரு."

இவர் என்று அவர் சுட்டியது என்னைத்தான். மறுக்க இடமில்லை.

மறுநாள் பேருந்தில் மூவர் அமரும் இருக்கையில் நாங்கள் இருவரும் அமர்ந்தோம்; நடுவே இடம் காலியாகவே இருந்தது. விவசாயி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரயில்வேக்காரர் எழுந்து அவர் மணிக்கட்டைப் பற்றி இழுத்து எங்களுக்கு நடுவே அமர்த்தினார்.

"உக்காருங்க. ஒட்டாதுன்னு நீங்கதான சொன்னீங்க? இப்ப டாக்டரு பேச்சை நீங்களே நம்பலைன்னா எப்படி?"

தோளைக் குறுக்கிக்கொண்டு அமர்ந்திருந்தவர், ஊர் எல்லை தாண்டியதும் மெல்லத் தளர்ந்தார். அவர் தோள் என் தோளில் சாய்ந்தது. சாலையைப் பார்த்தபடியே சொன்னார்:

"திங்கக்கெழம நீங்க ரெண்டு பேரும் ஓதினது எங்க தெரு வரைக்கும் கேட்டுதுங்க. சாமி பாவம். அடுத்த வாரம் நானே வந்துடறேன்."