கொட்டாரத்தில் ஒரு பச்சை வானம்

காலை ஒன்பது மணி. நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்தில் இறங்கி, திருச்சியிலிருந்து உட்கார்ந்தே வந்த இடுப்பை நிமிர்த்திக்கொண்டு ஒரு டீ குடித்தேன். பன்னிரண்டு ரூபாய். கொட்டாரத்தில் பார்வையில்லாத ஒரு பெண்மணி படம் வரைகிறார் என்று நண்பர் சொல்லியிருந்தார். பத்திரிகைக்கு ஒரு கட்டுரை, நாலு புகைப்படம், சாயங்காலம் திரும்பிவிடலாம். அதுதான் என் திட்டம். இப்போது எழுதுவது என் யோக்கியதையைப் பற்றித்தான்.

10.15. கொட்டாரத்தில் பேருந்து நின்ற இடத்திலிருந்து ஆட்டோவுக்கு அறுபது ரூபாய். வயலை ஒட்டிய ஓட்டு வீடு. லீலாபாய்க்கு ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். முன்பு கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்தவர். சர்க்கரை நோய் கண்ணைக் கொண்டுபோய்விட்டது.

"ரெண்டு வருசம் கட்டில விட்டு எழும்பல்ல தம்பி. ஒருநாள் சும்மா பழைய நூலெடுத்து அட்டையில ஒட்டிப் பாத்தேன். முன்னால கெடக்க வயலு கையில தெரிஞ்சுது. அன்னைக்குத்தான் எழும்பித் தலைக்குக் குளிச்சேன்" என்றார்.

இன்றும் அதே முறைதான். வரப்பு, தென்னை, மலை எல்லாவற்றுக்கும் நூலை ஒட்டி எல்லை பிரித்துக்கொள்கிறார். இடது கை நூலைத் தடவ, வலது கை வண்ணம் தீட்டுகிறது. வண்ணங்கள் ஆறு தேங்காய்ச் சிரட்டைகளில் வரிசையாக இருந்தன: வெள்ளை, மஞ்சள், பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு. மகள் ஷைனி நர்ஸ். சனிக்கிழமை குவைத் போகிறாள். அவள் கொண்டுபோகத்தான் இந்த வயல் படம். பெட்டி வாங்க நாகர்கோவில் கிளம்பியவள் வாசலில் நின்று சொன்னாள்: "சார், அந்தச் சிரட்டைய மட்டும் தொட்டுராதீங்க. எடம் மாறினா அம்மைக்குத் தெரியாது."

தலையை ஆட்டினேன். பிறகு, லீலாபாய் சாயா போட உள்ளே போன ஐந்து நிமிடத்தில், தொட்டேன். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்தால் நன்றாக வரும் என்று பட்டது. எடுத்தேன், நன்றாகவே வந்தது. சிரட்டைகளைத் திரும்ப வைத்தேன். சரியாக வைத்ததாகத்தான் நினைத்தேன்.

11 மணிக்கு வரையத் தொடங்கினார். நான் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். மலைக்கு மேலே தூரிகை இரண்டு முறை போய் வந்தது. வானம் பச்சையாக இருந்தது. அப்போதே வாயைத் திறந்திருந்தால் துடைத்துவிட்டிருக்கலாம். என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று முழித்துக்கொண்டிருந்தபோதே வயல் நீலமாகிவிட்டது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பச்சை வானம் பத்திரிகையில் புதுமையாக இருக்குமே என்றும் ஒரு கணம் தோன்றியது. அந்தப் புத்தியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

12.30. தூரிகையைக் கழுவிவிட்டுக் கேட்டார்: "தம்பி, வானம் நீலமா விழுந்திருக்கா? வயலு பச்சையா இருக்கா?"

"நல்லா இருக்குக்கா."

"நெறம் சரியா?"

"சரியா இருக்கு."

அவர் முகம் மலர்ந்தது. "ஷைனிட்ட எதக் கேட்டாலும் 'சூப்பரா இருக்கும்மா'ன்னு சொல்லுவா. என் மனசு நோவக்கூடாதுல்லா. அதான் வெளியாளு வந்தா கேக்கேன். பொய் சொல்லி ஒங்களுக்கு என்ன கிட்டப் போவுது?"

ஆறிப்போயிருந்த சாயாவை மடக் மடக்கென்று குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

1.10. நாகர்கோவில் பேருந்து. ஜன்னலுக்கு வெளியே வழியெல்லாம் வயல்; அது பச்சையாக இருந்தது, மேலே வானம் நீலமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். ஷைனி சாயங்காலம் வருவாள், பார்ப்பாள், "சூப்பர்" என்பாள், அந்த நீல வயலைப் பெட்டியில் வைத்துக் குவைத்துக்குக் கொண்டுபோவாள். அம்மாவுக்குக் கடைசிவரை தெரியப்போவதில்லை. சுசீந்திரத்தில் இறங்கிவிட்டேன். கோயில் கோபுரத்தை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. ஆட்டோ பிடித்தேன், போய்வர, காத்திருக்க நானூறு ரூபாய். "எதையாவது வச்சு மறந்துட்டியளா சார்?" என்று ஓட்டுநர் கேட்டார். ஆமாம் என்றேன்.

1.50. லீலாபாய் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். வாசலிலேயே நின்று சொன்னேன்: "அக்கா, சிரட்டைகளை நான் மாத்தி வச்சிட்டேன். வானம் பச்சை, வயல் நீலம். நீங்க வரையும்போதே பார்த்தேன். சொல்லல."

அவர் விரலால் வரப்பு நூலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"சிரட்டை மாறினது போட்டும். கைப்பிழை ஆருக்கும் வரும்" என்றார். "நான் கேட்டேன்லா தம்பி. ரெண்டு தரம் கேட்டேன்லா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சிரட்டைகளை ஒவ்வொன்றாக அவர் கையில் கொடுத்து நிறம் சொன்னேன். தானே வரிசையாக வைத்துக்கொண்டார். வானத்துக்கும் வயலுக்கும் முதலில் வெள்ளை அடித்துக் காயவிட்டு, மேலே மறுபடி தீட்டினார். மூன்றே கால் ஆகிவிட்டது. மதியச் சாப்பாடு இருவருக்கும் இல்லை.

"இப்ப வானம்?"

"நீலம்."

"வயலு?"

"பச்சைக்கா. சத்தியமா."

தலையை ஆட்டினார். பிறகு முகத்தை வாசல் பக்கம் திருப்பினார்.

"வெளிய ஆட்டோக்காரரு நிக்காருல்லா? அண்ணாச்சி, ஒரு நிமிசம் உள்ள வாருங்க. இதுல வானம் என்ன நெறம்னு பாத்துச் சொல்லணும்."

ஓட்டுநர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அவர் வாய் திறக்கும்வரை லீலாபாய் தூரிகையைக் கீழே வைக்கவில்லை.