அடுத்த வருஷத்துத் தாள்

சோலைச்சாமியின் வேலைச் சட்டையைச் செல்லத்தாய் எப்போதும் தனியாகத்தான் துவைப்பாள். பட்டாசுக் கம்பெனியிலிருந்து ஒட்டிக்கொண்டு வரும் அலுமினியப் பொடி முதல் தண்ணீரில் வெள்ளியாக மிதக்கும். அதை வாறுகாலில் கொட்டிவிட்டு இரண்டாம் தண்ணீரில்தான் சோப்புப் போடுவாள். பருத்திச் சட்டை இரண்டும் மாறி மாறி வெளுத்துப்போயிருந்தன. பித்தான் அறுந்தால் அன்றைக்கே தைத்துவிடுவாள். அவசரத்துக்கு ஊக்கு குத்தி அனுப்புவதெல்லாம் அவளிடம் கிடையாது. வெடிமருந்து இருக்கும் அறைக்குள் இரும்பு போகக் கூடாது; உரசினால் பொறி.

நாரணாபுரத்தில் அவர்கள் வீட்டில் இப்போது இருவர்தான். மகளை வெம்பக்கோட்டைப் பக்கம் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. காலையில் அவரைக் கம்பெனி வேன் ஒரு திசையில் கொண்டுபோகும், அவளைக் காலண்டர் கம்பெனி வேன் சிவகாசிக்குக் கொண்டுபோகும். தேதித் தாள்களை வரிசை பிசகாமல் அடுக்கிக் கம்பி அடிப்பது அவள் வேலை.

போன பங்குனியில் எங்கோ ஒரு யூனிட்டில் வெடித்தது. சத்தம் காலண்டர் ஷெட்டு வரைக்கும் கேட்டது. செல்லத்தாய் போன் போட்டாள். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் சோலைச்சாமியின் போன் வாட்ச்மேன் மேஜையில் கிடந்து அடித்துக்கொண்டே இருந்தது. சாயங்காலம் வேனிலிருந்து அவர் இறங்கி, "குடிக்கத் தண்ணி குடு" என்று சொன்னபோதுதான் அவளுக்கு மூச்சு வந்தது. வெடித்தது வேறு இடம். ஆனால் அதிலிருந்து லாரி டயர் வெடித்தாலும் அவள் கை போனைத் தேடியது.

ஆடி மாதம் ஷெட்டில் தாள் அடுக்கும்போது அவளுக்கு ஒரு வழி தென்பட்டது. ஒவ்வொரு தேதிக்கும் கீழே எந்த நட்சத்திரக்காரருக்கு அன்றைக்குச் சந்திராஷ்டமம், அதாவது ஆகாத நாள், என்று போட்டிருக்கும். சோலைச்சாமிக்கு அனுஷம். அனுஷம் என்று வரும் தேதியை மனதில் வாங்கிக்கொண்டு வந்து, அன்றைக்கு வேலைக்குப் போக வேண்டாம் என்றாள். முதலில் அவர் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, ஒரு நாளுதான" என்று படுத்துக்கொண்டார். ஆவணியிலும் அப்படியே.

புரட்டாசி பிறந்து தீபாவளி ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்தபோது போர்மேன் முனியராஜ் பொறுமை இழந்தார்.

"அண்ணே, மாசம் தவறாம ஒங்களுக்கு மட்டும் வயித்து வலி வருது. பொம்பளையாளுக கூட இப்பிடி லீவு போடலையே," என்றார். இன்னொரு தடவை வராமலிருந்தால் அந்த இடத்தில் அருள்பாண்டியை நிரந்தரமாக உட்கார வைத்துவிடப் போவதாகவும் சொல்லிவிட்டார். சோலைச்சாமி இல்லாத நாட்களில் அங்கே உட்கார்ந்து வேலை பார்த்தது அந்தப் பையன்தான்.

அடுத்த சந்திராஷ்டமம் இருபத்தி நாலாம் தேதி. முந்தின நாள் ஷெட்டில் செல்லத்தாய்க்குக் கை ஓடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அடுக்கிக்கொண்டிருந்த பாண்டிமீனா கவனித்துவிட்டாள். அருள்பாண்டியின் அம்மா அவள்.

"என்ன மதினி, கம்பிய தாளுல அடிக்கீகளா, வெரல்ல அடிக்கீகளா?"

செல்லத்தாய் மெதுவாக விஷயத்தைச் சொன்னாள். நாளைக்கு அவரை அனுப்பினால் பயம், அனுப்பாவிட்டால் வேலை போய்விடும் என்றாள். சொல்லிக்கொண்டே முன்னால் இருந்த அடுக்கிலிருந்து தாளைப் புரட்டிக் காட்டினாள். இருபத்தி நாலு. கீழே அனுஷம்.

பாண்டிமீனா தாளை வாங்கிப் பார்த்தாள். செல்லத்தாயைப் பார்த்தாள்.

"மதினி, இது அடுத்த வருஷத்துத் தாளு."

ஆடி பிறந்தால் அடுத்த வருஷத்துக் காலண்டர் வேலைதான்; அந்த ஷெட்டில் இருப்பவர்களுக்கு நடப்பு வருஷம் மறந்துபோவது புதிதில்லை. பாண்டிமீனாவே முன்பு ஒரு தடவை இப்படித் தாளைப் பார்த்து, பேரப்பிள்ளையின் காதுகுத்துத் தேதி ஞாயிற்றுக்கிழமை என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தாள். ஆட்கள் வந்து இறங்கிய நாள் சனிக்கிழமையாக இருந்தது. அதனால் அவளுக்கு இப்போது சிரிப்பை அடக்க முடியவில்லை. மேஸ்திரி திரும்பிப் பார்க்கும்வரை சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகு கொஞ்ச நேரம் தாள் அடுக்கினாள்.

"ஆகாத நாளுன்னு நெனச்சுத்தான அவுகள வீட்டுல நிப்பாட்டுனீக?"

"ஆமா."

"அன்னைக்கு எம்மவன் அங்கன போயி உக்காந்தான்ல மதினி?"

செல்லத்தாய் குனிந்தபடியே இருந்தாள். அந்த நாட்களில் பாண்டிமீனா, "இன்னைக்கு எம்மவனுக்கு வேலை கெடச்சிருச்சு" என்று சந்தோஷமாகச் சொன்னது ஞாபகம் வந்தது. அப்போதும் அவள் குனிந்துதான் இருந்தாள்.

"அவனுக்கு எந்த நட்சத்திரம்னு கூட நான் கேக்கல மீனா," என்றாள்.

பாண்டிமீனா மத்தியானம் எப்போதும்போலத் தூக்குச்சட்டியைத் திறந்தாள். கருவாட்டுக் குழம்பில் ஒரு கரண்டியைச் செல்லத்தாயின் மூடியில் ஊற்றிவிட்டு, "முள்ளு பாத்துத் தின்னுங்க," என்றாள். செல்லத்தாய் அன்றைக்குச் சாப்பிட்டது அந்தக் குழம்பைத்தான். தான் கொண்டுபோன சோறு அப்படியே மிஞ்சியது.

வீட்டுக்கு வந்ததும் கதவுக்குப் பின்னால் தொங்கிய காலண்டரின் முன் நின்றாள். நாள் முழுக்கத் தேதியையே பார்க்கிறவள், வீட்டுக் காலண்டரை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. காலையில் தாள் கிழிப்பது சோலைச்சாமி. ஒவ்வொரு தாளாகத் தூக்கிப் பார்த்தாள். இந்த வருஷத்து அனுஷம் இனிமேல்தான் வரப்போகிறது. அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டாள். ஆவணிக் கடைசியில் ஒன்று வந்து போயிருந்தது. அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டு, வேன் சீக்கிரமே வந்துவிட்டது. பக்கடா வாங்கி வந்திருந்தார். அதற்கு முந்தினது, குழம்பில் உப்புக் கூடிப்போய் இருவரும் முறைத்துக்கொண்டு படுத்த நாள். இரண்டு நாளும் அவர் வேலைக்குப் போனார், வந்தார். காவல் காப்பதாக நினைத்துக்கொண்டு அவள் தப்பான நாட்களின் வாசலில் நின்றிருக்கிறாள். அந்த நாட்களில் அருள்பாண்டியும் போனான், வந்தான். எந்தச் சாமிக்கு என்று தோன்றாமல், காலண்டரைப் பார்த்தே ஒரு கும்பிடு போட்டாள்.

வேன் சத்தம் கேட்டது. சோலைச்சாமி வந்து கைகால் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவருக்குப் புரை ஏறும் அளவுக்குச் சிரிப்பு வந்தது.

"முனியராஜுகிட்ட இத சொன்னா கம்பெனியே மூடிருவான் சிரிச்சு."

"அந்தப் பாவிகிட்ட சொல்லித் தொலைச்சிராதீக."

"அவன நீ வையாத. அறைக்குள்ள நாலு பேரு இருக்கையில அஞ்சாவது ஆளு தலைய நீட்டுனா, மொதலாளி வீட்டு ஆளா இருந்தாலும் வெரட்டி விடுவான். வாசல்ல செம்புத் தகட்டத் தொட்டு ஒடம்புக் கரண்ட எறக்காம ஒருத்தனும் உள்ள காலு வைக்க முடியாது. வெயிலு ஏறிருச்சுன்னா மருந்துக் கலவைய நிப்பாட்டிருவான். நான் வீடு வந்து சேர்றேன்னா அவன் வாயிதான் காரணம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீ ஊக்கு குத்தாம அனுப்புறியே, அதையும் சேத்துக்க," என்றார்.

ஆடியிலிருந்து முனியராஜை மனசுக்குள் எத்தனை தடவை சபித்திருப்பாள். அந்த ஆள் நன்றாக இருக்கட்டும், தொண்டை கட்டாமல் இருக்கட்டும் என்று இப்போது நினைத்தாள். பயம் போய்விடவில்லை. அது வீட்டில் ஒரு ஆளைப்போல மூலையில் உட்கார்ந்துதான் இருந்தது. ஆனாலும் எதிரே தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டு அவர் இருந்தார்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, அவர் காலண்டர் பக்கம் தலையை ஆட்டினார்.

"சரி, நாளைக்குப் போறேன். அப்ப நெசமான நாளு என்னைக்கு? பாத்துருப்பேல்ல. சொல்லு."

பார்த்திருந்தாள். எந்தத் தேதி, என்ன கிழமை, எல்லாம் தெரியும். சொன்னால் அவள் முகத்துக்காக அவர் படுத்துக்கொள்வார் என்பதும், அங்கே போய் உட்காரப்போவது யார் என்பதும் தெரியும்.

"ஏ செல்லத்தாயி, ஒன்னத்தான கேக்கேன்."

அவள் கொடியில் கிடந்த அழுக்குச் சட்டையை எடுத்து, பித்தான்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். எல்லாம் உறுதியாக இருந்தன. சட்டையை வாளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.